அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸில் வாடகைக்கு எடுத்த ஈசி2 சர்வர்களுக்கு டேக் (பெயரும் மதிப்பும் கொண்ட அடையாளக் குறிப்பு) போட்டும் பில்லில் புராஜெக்ட் வாரியாகச் செலவு பிரிந்து வரவில்லையே, ஏன்?

டேக் ஒட்டினால் மட்டும் போதாது. பில்லிங் பக்கத்தில் 'காஸ்ட் அலோகேஷன் டேக்ஸ்' பகுதிக்குப் போய் அந்த டேக்கை ஆக்டிவேட் செய்ய வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். செய்த பிறகும் அறிக்கையில் தெரிய ஒரு நாள் வரை ஆகலாம், பதற வேண்டாம்.

சரி, அதற்கப்புறமும் கணக்கு இடிக்கிறதா? எழுத்தைப் பாருங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கும் 'புராஜெக்ட்' வேறு, சின்ன எழுத்தில் தொடங்குவது வேறு. எங்கள் டீமில் ஒருவர் 'பிராட்' என்றும் இன்னொருவர் 'புரொடக்‌ஷன்' என்றும் மதிப்பு கொடுத்திருந்தார்கள். ஒரே சூழலின் (டெஸ்ட், புரொடக்‌ஷன் போன்ற பயன்பாட்டு நிலை) செலவு இரண்டு வரியாக வந்து நின்றது.

இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்கு இன்று டேக் போட்டால் அதோடு இணைந்த, தரவைச் சேமிக்கும் இபிஎஸ் டிஸ்க்குக்கு அது தானாகப் போகாது. டிஸ்க்குக்கும் அதன் ஸ்னாப்ஷாட்டுக்கும் (பேக்கப் நகல்) தனியாகப் போட வேண்டும். டேக் இல்லாத செலவு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஒரு ரிசோர்ஸுக்கு 50 டேக் வரை போடலாம். என்னைக் கேட்டால் புராஜெக்ட், சூழல், பொறுப்பாளர், எப்போது அழிக்கலாம் என்ற தேதி, இந்த நான்கே போதும். பாஸ்வேர்டு மட்டும் டேக்கில் எழுதவே எழுதாதீர்கள்.