ஒரு மணிக்குக் கூப்பிட்டால் மூணு மணிக்கு வருகிறார்

மேடம்,

எனக்கு 55 வயது. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரர் அரசு பஸ் டிரைவர். போன மே மாதம் 60 முடிந்து ஓய்வு பெற்றார். என் பிரச்சினை சோறு ஆறிப்போகிற பிரச்சினை. மகள் கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள்.

முதல் டிரிப் என்றால் அவர் காலை 4.40-க்கு டெப்போவில் இருக்க வேண்டும். நான் மூணு மணிக்கு எழுந்து இட்லி அவித்து, மதியத்துக்கும் தூக்குச்சட்டியில் கட்டி நாலேகாலுக்குக் கையில் கொடுப்பேன். 31 வருஷத்தில் பிந்திய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அன்றைக்கெல்லாம் தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போடுவார். ரசத்தில் ஒரு கல் உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளிவைப்பார்.

இப்போது ஒரு மணிக்குக் கூப்பிட்டால் ‘வாரேன்’ என்று புறவாசல் வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்திருக்கிறார். வருவது மூணு மணிக்கு. அதற்குள் குழம்பை மூணு தடவை சூடு பண்ண வேண்டியிருக்கிறது. கேஸ் விற்கிற விலை என்ன? என் மாமியாருக்குச் சர்க்கரை, பன்னிரண்டரைக்கே சோறு போட வேண்டும். மகன் கடை அடைத்து ராத்திரி பத்துக்கு வருவான். எல்லாருக்கும் ஒரு நேரம், எனக்கு மட்டும் அடுப்படியா?

இடையில் ரெண்டு நாள் உதவி செய்கிறேன் என்று தேங்காய் துருவ வந்தார். சிரட்டை வரை சுரண்டிக் கறுப்பும் சேர்ந்து விழுந்தது. ‘போய் உட்காருங்க’ என்று அனுப்பிவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை மகள் வந்ததால் தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதிக் குழம்பு வைத்தேன். வழக்கம்போல மூணு மணிக்கு வந்தார். எரிச்சலில் நான் உப்பே போடவில்லை போலிருக்கிறது, அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்துவிட்டார், அப்புறம் மகள் வாயில் வைத்தபோதுதான் எனக்கே தெரிந்தது, அது கிடக்கட்டும். சொதியைத் திரும்பத் திரும்பச் சூடு பண்ணினால் திரிந்துபோகும் என்று இந்த மனுஷனுக்குத் தெரியாதா? நேரத்துக்குப் பொங்கிப் போட்டவளுக்கு இதுதான் மரியாதையா? இனி நான் எத்தனை மணிக்கு உலை வைக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

— பெயர் வேண்டாம்

அன்புள்ள அம்மா,

‘அது கிடக்கட்டும்’ என்று நீங்கள் தள்ளிவிட்டுப் போன வரியை என்னால் கிடக்க விட முடியவில்லை. ஒரு கல் உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளுகிற மனுஷர், உப்பே இல்லாத சொதியை முழுசாகச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவியிருக்கிறார். உங்கள் மேல் கோபம் இருந்தால் அன்றைக்குத்தான் வசமான சந்தர்ப்பம். அவர் வாயைத் திறக்கவில்லை. குழம்பு ஆறியதைவிட எனக்கு இதுதான் கவலையாக இருக்கிறது.

உங்கள் வீட்டுக் கடிகாரம் 31 வருஷமாக டெப்போவில் இருந்தது. அங்கே டைம் கீப்பர் கையெழுத்துப் போட்டால்தான் இங்கே உங்கள் அடுப்பு எரிந்தது. மே மாதத்தோடு அது போய்விட்டது. உங்களுக்காவது பன்னிரண்டரைக்கு அத்தை, பத்து மணிக்கு மகன் என்று மிச்சம் இருக்கிறது. அவருக்கு ஒன்றும் இல்லை. மூணு மணிக்கு வருவது உங்களுக்கு அலட்சியமாகப் படுகிறது. எனக்கோ, பசியே எடுக்காத ஒருவர், கூப்பிட்டாளே என்று எழுந்து வருவதாகத் தோன்றுகிறது.

மூணு மணிக்கு எழுந்தவளிடம் ‘நீ சாப்பிட்டியா’ என்று அவர் எத்தனை நாள் கேட்டிருப்பார்? அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் வாசலில் நின்று சத்தம் போட்ட டிரைவர் மேல் வர வேண்டிய கோபத்தை இப்போது வேப்பமரத்தடியில் இருப்பவரிடம் தீர்க்கிறீர்கள்.

தேங்காய் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. அவர் உங்களிடம் ஒரு டூட்டி கேட்டு வந்திருக்கிறார், நீங்கள் இல்லை என்று அனுப்பிவிட்டீர்கள். சொதிக்குத் தேங்காய் வெள்ளையாக விழ வேண்டும், வாஸ்தவம். அந்தக் கறுப்புத் துருவலைத் தீயல் குழம்புக்கு வைத்துக்கொண்டால் என்ன? எப்படியும் சிவக்க வறுக்கத்தானே போகிறோம்.

அவர் தூங்குகிறாரா, இன்னும் மூணு மணிக்கே விழித்துப் படுத்துக் கிடக்கிறாரா, சட்டை தொளதொளக்கிறதா, பழைய கூட்டாளிகளைப் பார்க்கப் போகிறாரா என்று கவனியுங்கள். பசி, தூக்கம், எதிலும் பிடிப்பு இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் ஓடினால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவத்தில் சரியாகிற நோய் அது. அவர் அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அவருக்கும் சர்க்கரை, கூடவே தைராய்டு பார்த்துவிடுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வர மாட்டேன் என்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. ‘இருந்து என்ன செய்ய’ என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் மட்டும் நாள் பார்க்காதீர்கள், அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

அப்புறம் உலை. சோறு பன்னிரண்டரைக்கே இருக்கட்டும். சொதி வைக்கிற அன்று காயையும் பருப்பையும் இரண்டாம் பாலோடு நிறுத்திவிடுங்கள். அவர் இலை முன்னால் உட்கார்ந்த பிறகு முதல் பாலை ஊற்றி, கொதிக்க விடாமல் நுரை கட்டியதும் இறக்கினால் ஐந்து நிமிஷ வேலை. எலுமிச்சம்பழத்தை அவர் பிழியட்டும். அவர் எழுந்து வருவதற்கு முன்னால் ஒரு கரண்டி எடுத்துப் புறவாசலுக்கே கொண்டுபோய், உப்பு சரியா என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.