வீட்டில் செய்த சிஎன்சி ரூட்டர்: அளவு தப்புவது எங்கே?

சிஎன்சி ரூட்டர் (கணினி சொல்லும் பாதையில் மரம் வெட்டும் மெஷின்) பற்றி இந்த முறை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே குறைதான்: வரைந்த அளவு வேறு, வெட்டி வரும் அளவு வேறு. எழுதியவர்களில் பலர் முதல் வேலையாக செட்டிங்கில் கை வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பிழை எப்படி வருகிறது என்று பார்த்தாலே அது எங்கிருந்து வருகிறது என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

100 மி.மீ. சதுரம் வெட்டினால் 100.4 வந்தது. ஜிஆர்பிஎல்லில் (மெஷினை ஓட்டும் மென்பொருள்) $100, $101 (எக்ஸ், ஒய் அச்சுகள் ஒரு மி.மீ. நகர மோட்டாருக்கு எத்தனை ஸ்டெப் என்ற எண்கள்) இரண்டையும் குறைத்துச் சரி செய்தேன். இப்போது 300 மி.மீ. வெட்டினால் 299.2 வருகிறது. எதை நம்புவது? (கோவை)

பழைய எண்களை நம்புங்கள். அவற்றையே திரும்பப் போடுங்கள். ஸ்டெப் கணக்கு தப்பாக இருந்தால் அளவு கூடக்கூடப் பிழையும் கூடும். 100-இல் 0.4 என்றால் 300-இல் 1.2 அளவுக்கு வர வேண்டும். 50 மி.மீ. துண்டு ஒன்றும் 250 மி.மீ. துண்டு ஒன்றும் வெட்டி அளந்து பாருங்கள். இரண்டிலும் அதே 0.4 வந்தால் ஸ்டெப் கணக்குக்கு அதில் பங்கில்லை.

டி8 லீட் ஸ்க்ரூ (மோட்டார் சுற்றும்போது அச்சை நகர்த்தும் புரித்தண்டு) என்றால் கணக்கே போதும். மோட்டாருக்குச் சுற்றுக்கு 200 ஸ்டெப், மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவரில் 8 மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்பை எட்டாகப் பிரிப்பது), நான்கு புரி ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகரும். ஆக, ஒரு மி.மீ.க்கு 200 × 8 ÷ 8 = 200 ஸ்டெப். புரிக்குப் புரி இடைவெளி 2 மி.மீ. என்பதால் 2-ஆல் வகுத்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் எல்லாமே நான்கு மடங்காகும், உடனே தெரிந்துவிடும். அரை மில்லிமீட்டருக்குள் வரும் பிழையை ஸ்க்ரூவின் தலையில் கட்டாதீர்கள்.

உங்கள் 0.4-க்கு முதல் சந்தேகம் வெட்டும் அலகான பிட் மேல்தான். பெட்டியில் 6 மி.மீ. என்று போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) துண்டில் 3 மி.மீ. ஆழத்துக்கு ஒரே கோடாகப் பள்ளம் ஓட்டுங்கள். வெர்னியரின் உள்வாயால் அகலத்தை அளங்கள். 5.8 வந்தால் வெட்டும் பாதையைக் கணக்கிடும் கேம் மென்பொருளில் பிட் விட்டம் 5.8 என்றே கொடுங்கள். பிட் சொன்ன அளவைவிடச் சிறியதாக இருந்தால் வெளி அளவு பெரிதாகும், உள்பள்ளம் சிறிதாகும். மெஷினில் ப்ளே (திசை திரும்பும்போது வீணாகும் ஆட்டம்) இருந்தாலோ பெரும்பாலும் இரண்டுமே சிறிதாகும். ஒரு வெளித்துண்டு, ஒரு பள்ளம் என இரண்டையும் அளந்தால் பிட் குறையா, ப்ளேயா என்று பிரித்துவிடலாம்.

அதற்குப் பிறகும் 0.2 மிஞ்சினால் வெட்டும் அழுத்தத்தில் பிட்டோ, அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கேன்ட்ரியோ வளைகிறது என்று வையுங்கள். சுற்றிலும் 0.3 மி.மீ. மரம் விட்டு முதலில் வெட்டி, கடைசியில் அதை மட்டும் ஒரே ஓட்டமாகச் சீவி எடுங்கள். வளையும் மெஷினிலும் அளவு கைக்குள் வந்துவிடும்.

வட்டம் வெட்டினால் நான்கு இடத்தில் தட்டையாகிறது. ஆன்டி-பேக்லாஷ் நட் (ஸ்க்ரூவில் ப்ளேயைக் குறைக்கும் நட்) மாற்றியும் போகவில்லை. (திருச்சி)

அந்த நான்கு இடங்களும் எக்ஸ் அல்லது ஒய் அச்சு திசை திரும்பும் இடங்கள். அங்கே ப்ளே இருக்கிறது என்பது உறுதி. ஆனால் ப்ளே நட்டில் மட்டும்தான் இருக்கும் என்றில்லை. கரண்ட்டை நிறுத்திவிட்டு லீட் ஸ்க்ரூவைக் கையால் பிடித்து நீளவாக்கில் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். ஸ்க்ரூவே முன்னும் பின்னும் நகர்ந்தால் எத்தனை நட் மாற்றியும் பயனில்லை. மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும், வெட்டு போட்ட அலுமினிய கப்ளர் அச்சுவாக்கில் நீண்டு சுருங்கும், அந்த இழுவையை அது தாங்கக் கூடாது. ஸ்க்ரூவின் இரு முனையிலும் பேரிங்கை ஒட்டி லாக் காலர் (இறுக்கிப் பிடிக்கும் வளையம்) போட்டு இறுக்குங்கள். தள்ளுவிசை பேரிங்குக்குப் போக வேண்டும், மோட்டார் ஷாஃப்டுக்குப் போகக் கூடாது.

பிறகு டயல் கேஜ் வைத்து ஒரே திசையில் 0.1 மி.மீ. ஆகச் சில முறை நகர்த்தி, திசை மாற்றுங்கள். முள் அசையாமல் எவ்வளவு தூரம் வீணாகிறதோ அதுதான் உங்கள் ப்ளே. ஜிஆர்பிஎல்லில் இதை மென்பொருளால் ஈடுகட்டும் வசதி கிடையாது. அதைக் குறை என்று நினைக்கவில்லை. மர வேலைக்கு இதை இரும்பிலேயே சரி செய்வதுதான் முறை.

வட்டம் தட்டையாகாமல், 45 டிகிரியில் நீண்டு முட்டை வடிவமாக வந்தால் கேன்ட்ரி மூலைமட்டத்தில் இல்லை என்று பொருள். வி-பிட்டால் 300 × 400 செவ்வகத்தின் நான்கு மூலைகளிலும் புள்ளி குத்தி, இரண்டு குறுக்குக் கோட்டையும் அளங்கள். இரண்டும் 500 மி.மீ. இருக்க வேண்டும்.

சிற்ப வேலையில் பாதிக்கு மேல் போனதும் வடிவம் ஒரு பக்கமாக நகர்ந்துவிடுகிறது. (கும்பகோணம்)

ஸ்டெப் தவறுகிறது, அதாவது சொன்ன ஸ்டெப்பில் சிலவற்றை மோட்டார் நகராமல் விட்டுவிடுகிறது. பிட்டைக் கழற்றிவிட்டு, இசட் ஜீரோவை (உயர அச்சின் தொடக்கப் புள்ளி) மரத்துக்கு மேலே உயர்த்தி, அதே ஃபைலைக் காற்றில் ஓட்டுங்கள். முடிந்ததும் ஜீரோவுக்குச் சரியாகத் திரும்பினால் குறை வெட்டும் சுமையில். ஆழத்தைப் பாதியாக்குங்கள். காற்றிலேயே தவறினால் கப்ளரை ஷாஃப்டில் இறுக்கும் கிரப் ஸ்க்ரூ, $120 முதல் $122 வரையுள்ள ஆக்சிலரேஷன், டிரைவர் கரண்ட் என்று இந்த வரிசையில் பாருங்கள். ஏ4988 டிரைவர் போர்டில் சென்ஸ் ரெசிஸ்டர் 0.1 ஓம் என்றால், விரெஃப் (கரண்ட் அளவைத் தீர்மானிக்கும் வோல்டேஜ்) 0.8 வோல்ட்டுக்கு 1 ஆம்பியர். அதற்கு மேல் போனால் ஹீட் சிங்க்கும் ஃபேனும் கட்டாயம். சூடேறினால் சிப் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், நீங்கள் சொல்வதுபோல நேரம் போகப்போகத் தவறுவது அதற்கு நல்ல அடையாளம். கரண்ட் ஓடும்போது மோட்டார் ஒயரைப் பிடுங்காதீர்கள், டிரைவர் போய்விடும்.

5 மி.மீ. ஆழப் பள்ளம் தொடக்கத்தில் சரி, முடிவில் 6-ஐத் தாண்டுகிறது. (மதுரை)

தூளை மேலே தள்ளும் அப்கட் பிட்தானே? அது தன்னைத்தானே மரத்துக்குள் இழுக்கும். பிட்டைப் பிடிக்கும் கோலெட் வாயில் பிட்டின் தண்டைச் சுற்றி மார்க்கர் கோடு போட்டுவிட்டு ஓட்டுங்கள். கோடு கீழே இறங்கியிருந்தால் கோலெட் பிடிக்கவில்லை. மரப்பிசினைத் துடைத்தெடுங்கள், தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். கோடு நகரவில்லை என்றால் அடிப்பலகை சரிவாக இருக்கிறது, அதை ஒருமுறை முழுதாகச் சீவிவிடுங்கள்.

தேக்குப் பெட்டிக்கு வெட்டிய மூடி அன்று பொருந்தியது, மழைக்காலத்தில் இறுகிவிட்டது. (நாகர்கோவில்)

மெஷினைத் தொடாதீர்கள். மரம் ஈரத்தில் ரேகைக்குக் குறுக்கே உப்பும், ரேகை நீளத்தில் அநேகமாக மாறாது. குறுக்கு அளவில் மட்டும் இடைவெளி கூட்டி வெட்டுங்கள். அளவு சோதனைகளையும் எம்டிஎஃப்பில் செய்து, வெட்டிய கையோடு அளந்துவிடுங்கள். அதன் தூசி மிக நுண்மையானது, மாஸ்க் இல்லாமல் வேண்டாம்.