கேள்வி – பதில்

கே: மகளுக்குத் துணையாக உட்கார்ந்தேன். இப்போது அவள் தூங்கிய பிறகும் நானே ‘வியோலெட்டா’ பார்க்கிறேன். இது கோளாறா? – ஒரு வாசகி

ப: கோளாறென்றால் எனக்கும் உண்டு, அம்மா. 2012இல் அர்ஜென்டினாவில் தொடங்கிய டிஸ்னி தொடர். மூன்று சீசன், சீசனுக்கு 80 பகுதி, ஆக 240. நான் எத்தனை பார்த்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கதையில் லாஜிக் தேடினால் தலைவலிதான் மிச்சம். பாடகியாக இருந்த மனைவியை விபத்தில் இழந்த ஹெர்மான், மகள் வியோலெட்டாவைப் பாட்டுப் பக்கமே விடுவதில்லை. அவர் வீட்டுக்கே டீச்சராக வந்து சேர்கிறாள் ஆஞ்சி. யாரென்று பார்த்தால், இறந்த மனைவியின் சொந்தத் தங்கை! மச்சினியை அடையாளம் தெரியாத மனுஷனை எங்கே போய்த் தேடுவது? மூன்றாவது சீசனில் வியோலெட்டாவே ஒரு விக்கை மாட்டிக்கொண்டு ‘ராக்ஸி’ என்று வந்து நிற்பாள். இசைப் பள்ளியில் கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கு அப்போதும் தெரியாது. பாவம், பாட்டிலேயே கவனம் போலிருக்கிறது.

ஆனால் பாட்டு நிஜம். வியோலெட்டாவாக வரும் மார்ட்டினா ஸ்டோசெல் சொந்தக் குரலில் பாடுகிறார். பின்னாளில் ‘டினி’ என்ற பெயரில் அர்ஜென்டினாவின் பெரிய பாப் பாடகியாகிவிட்டார். அவளைக் காதலிக்கும் லியோனாக நடிப்பவர் மெக்சிகோக்காரர், தோழி ஃபிரான்செஸ்காவாக நடிப்பவர் இத்தாலிக்காரர். எல்லோரும் ஸ்பானிஷில்தான் பேசுகிறார்கள், பாட்டும் பெரும்பாலும் ஸ்பானிஷ்தான்.

சரி, வியோலெட்டாவுக்கு ஏற்ற ஜோடி லியோனா, அவளைக் காதலிக்கும் இன்னொரு பையன் தோமாஸா? நான் லியோன் கட்சி. உங்கள் மகளிடமும் கேட்டு எழுதுங்கள்.