விஷ் வரும் இடத்தில் வில்லா, வுட்டா, குட்டா?

கேள்வி: அலுவலக வாட்ஸ்அப் குழுவில் 'ஐ விஷ் யூ வில் கெட் வெல் சூன்' என்று போட்டேன். தப்பு என்கிறார்கள். எல்லோரும் இப்படித்தானே எழுதுகிறார்கள்?

எழுதுகிறார்கள்தான், ஆனாலும் தப்பு. நடக்கக்கூடிய ஒன்றை எதிர்பார்த்தால் ஹோப் போடுங்கள்: 'ஐ ஹோப் யூ கெட் வெல் சூன்'. விஷ்ஷை விட மனமில்லை என்றால், பின்னால் வினையே வைக்காமல் 'ஐ விஷ் யூ எ ஸ்பீடி ரிகவரி' என்று முடித்துவிடலாம். விஷ்ஷுக்குப் பின்னால் எழுவாயும் வினையுமாக வாக்கியம் வந்தால், பெரும்பாலும் அது இப்போது இல்லாத ஒன்றுக்கான ஏக்கம். அதனால்தான் அங்கே வில் (will) வுட் (would) ஆகிறது, கேன் (can) குட் (could) ஆகிறது, 'ஹாவ்' (have) 'ஹாட்' (had) ஆகிறது. பேசுவது என்னவோ இன்றைக்கோ நாளைக்கோ உள்ள விஷயம்தான், வடிவம் மட்டும் இறந்தகாலத்துக்குப் போகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

கேள்வி: 'ஐ விஷ் ஐ வுட் ஸ்பீக் பெட்டர் இங்கிலீஷ்' சரியா?

இல்லை, 'ஐ விஷ் ஐ குட் ஸ்பீக்' என்று சொல்லுங்கள். இந்த வுட், அடுத்தவர் மனம் வைத்தால் செய்யலாம், செய்ய மாட்டேன் என்கிறார் என்ற இடத்துக்கு உரியது. நம்மால் முடியவில்லையே என்ற ஆதங்கத்துக்கு குட்தான். (மழைக்கு மனம் ஏது என்று கேட்காதீர்கள், 'ஐ விஷ் இட் வுட் ரெயின்' சரியே.)

கேள்வி: மேலாளருக்கு 'ஐ விஷ் யூ வுட் ரிப்ளை டு மை மெயில்' என்று அனுப்பலாமா? வுட் மரியாதைதானே?

தயவுசெய்து அனுப்பிவிடாதீர்கள். இலக்கணத்தில் குறையில்லை, ஆனால் படிப்பவர் காதில் 'ஒரு பதில் போட்டால் என்னவாம்?' என்றுதான் விழும். வுட் வந்தாலே பணிவு என்று நம்மில் பலருக்குப் பள்ளியிலேயே பதிந்துவிட்டது. அந்தப் பணிவு 'வுட் யூ ப்ளீஸ்' என்று கேட்கும்போது வருவது, விஷ்ஷோடு சேர்ந்தால் அதே சொல் சலிப்பைக் காட்டும். 'குட் யூ ப்ளீஸ் ரிப்ளை வென் யூ ஹாவ் டைம்?' என்று கேளுங்கள், போதும்.

கேள்வி: 'ஐ விஷ் யூ வுட் நோ தமிழ்' என்பது?

'ஐ விஷ் யூ நியூ (knew) தமிழ்'. தெரிவது, இருப்பது போன்ற நிலைகளுக்கு இங்கே வுட் ஒட்டாது.

கேள்வி: தோழியின் கல்யாணத்துக்குப் போக முடியவில்லை. 'ஐ விஷ் ஐ குட் கம்' என்று அனுப்பலாமா?

கல்யாணம் இனிமேல்தான் என்றால் அதுவே சரி. முடிந்துவிட்டது என்றால் 'ஐ விஷ் ஐ குட் ஹாவ் கம்'. அந்த ஹாவை விட்டுவிட்டால், முடிந்த கல்யாணத்தை இன்னும் நடக்கப்போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோழி குழம்பிவிடுவார்.