கடன் செயலிக்கு அனுமதி கொடுத்துவிட்டேன். வழக்குத் தொடர முடியுமா?

கேள்வி: அவசரத் தேவைக்காகக் கைப்பேசிச் செயலி ஒன்றின் வழியாகச் சிறு தொகை கடன் வாங்கினேன். நிறுவும்போது அது கேட்ட எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்தேன். தவணை தாமதமானதும், என் புகைப்படத்தை ஆபாசமாக மாற்றி, கைப்பேசியில் உள்ள உறவினர்களின் எண்களுக்கு அனுப்பப்போவதாக மிரட்டுகிறார்கள். அனுமதி கொடுத்தது நான் என்பதால் சட்டம் என் பக்கம் நிற்குமா?

பதில்: நிற்கும். நீங்கள் கொடுத்த அனுமதி அவர்களுடைய குற்றத்தை மறைக்காது. தொடர்பு எண்கள், அழைப்பு விவரங்கள், கோப்புகள் ஆகியவற்றைக் கடன் செயலிகள் அணுகவே கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட டிஜிட்டல் கடன் வழிகாட்டுதல்களும், அவற்றின் இடத்தில் 2025-இல் வந்த விதிகளும் கூறுகின்றன. கேமரா, மைக், இருப்பிடம் போன்றவற்றைக்கூட, உங்கள் அடையாளத்தைச் சரிபார்ப்பதற்காக, உங்கள் வெளிப்படையான ஒப்புதலுடன் ஒரே ஒரு முறைதான் பயன்படுத்தலாம். எனவே உங்களிடம் அந்த அனுமதியைக் கேட்டதே விதிமீறல். சேவைக்குத் தேவையில்லாத தகவலுக்குத் தரப்பட்ட ஒப்புதல் செல்லாது என்பதை விளக்க, 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே தொடர்பு எண்களைக் கேட்கும் மருத்துவ ஆலோசனைச் செயலி ஒன்றை எடுத்துக்காட்டாகத் தருகிறது. ஆனால் அச்சட்டம் படிப்படியாகவே நடைமுறைக்கு வருவதால், உங்கள் புகாரை அதன்மீது மட்டும் நிறுத்த வேண்டாம்.

உங்களுக்கு உடனடியாகக் கைகொடுப்பது குற்றவியல் சட்டம். மிரட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவின்படியும், மிரட்டிப் பணம் பறிப்பது 308-ஆம் பிரிவின்படியும் குற்றம். படத்தை அனுப்பிவிட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவும் சேரும்.

பதற்றத்தில் செயலியை உடனே நீக்கிவிடாதீர்கள். இத்தகைய வழக்குகள் பலவும் ஆதாரம் அழிந்துபோவதால்தான் பலவீனமாகின்றன. மிரட்டல் செய்திகள், அவை வந்த எண்கள், உங்கள் கணக்கில் உண்மையில் வந்த தொகை, பணம் கட்டச் சொன்ன யுபிஐ முகவரி ஆகிய அனைத்தையும் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வேறொரு கருவியிலும் சேமித்த பிறகே அனுமதிகளை ரத்துசெய்து செயலியை நீக்குங்கள். அவர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்ட எண்கள் இதனால் அழிந்துவிடாது என்பதால், நெருங்கிய உறவினர்களிடம் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. இதில் வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல. அன்றே 1930 என்ற எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ புகாரைப் பதிவுசெய்யுங்கள்.

கடன் என்பது தனி விஷயம். செயலியின் பின்னால் ரிசர்வ் வங்கியில் பதிவுபெற்ற நிறுவனம் இருந்தால், ஒப்பந்தப்படியான அசலையும் வட்டியையும் செலுத்தும் பொறுப்பு உங்களுக்கு உண்டு. ஆனால் அந்த நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் மட்டுமே செலுத்துங்கள், முகவர் அனுப்பும் தனிநபர் எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.