குற்ற உளவியல் கேட்கும் பெண்ணுக்கு நீட் கோச்சிங் எதற்கு?

குடியாத்தத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டு ஃபாரன்சிக் சைக்காலஜிதான் படிப்பேன் என்கிறாளாம். சிஎம்சி மருத்துவக் கல்லூரி இருக்கிற வேலூர் ஜில்லாவில் பிறந்துவிட்டு டாக்டராகாமல் இது என்ன படிப்பு, ஒரு வருடம் நீட் ரிப்பீட்டர் பேட்ச்சில் போடுங்கள் என்று சித்தப்பா ஒற்றைக்காலில் நிற்கிறாராம். கொலைகாரனோடு பேசும் வேலைக்கா பெண்ணை வளர்த்தேன் என்று அப்பாவுக்கு வருத்தம்.

பயப்படாதீர்கள் அம்மா. ஆனால் அதோடு நிறுத்த முடியாது. உங்கள் மகள் பயாலஜியை மனப்பாடம் செய்து ஒப்பேற்றினாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவளைக் கடன் வாங்கிக் கோச்சிங்கில் சேர்ப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வட்டி கட்டப்போவது நீங்கள், சித்தப்பா இல்லை.

மகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கொலை நடந்த அறையை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆளின் வயது, வேலை, பழக்கம் எல்லாம் சொல்லிவிடுகிற நிபுணர் வெப்சீரிஸில்தான் இருக்கிறார். ப்ரொஃபைலிங் என்பது குற்றம் எங்கே, எப்போது, எப்படி நடந்தது என்பதை வைத்துச் சந்தேகப் பட்டியலைச் சுருக்குகிற வேலை. 1986இல் லண்டன் ரயில்பாதை ஓரக் குற்றங்களில் உளவியலாளர் டேவிட் கேன்டர் செய்தது அதுதான். சம்பவ இடங்களை வரைபடத்தில் குறித்து, குற்றவாளி எந்தப் பக்கம் வசிக்கலாம் என்று கணித்தார். பிடிபட்டவன் பெயர் போலீஸ் பட்டியலில் ஏற்கெனவே இருந்தது. இதற்கு மறுபக்கமும் உண்டு. 1992இல் விம்பிள்டனில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். உளவியலாளர் வரைந்த சித்திரத்துக்குப் பொருந்துகிறார் என்று ஒருவர் பின்னால் போலீஸ் போனது, காதலிபோல் பழக ஒரு பெண் போலீஸையும் அனுப்பியது. 1994இல் நீதிபதி அந்தச் சாட்சியத்தைத் தூக்கி எறிந்தார். உண்மைக் கொலையாளி 2008இல்தான் குற்றத்தை ஒப்புக்கொண்டான். கணிப்பு சாட்சியம் ஆகாது. இதை ஏற்கிற மனசு இருந்தால்தான் இந்தப் படிப்பு.

நம் ஊரில் ப்ரொஃபைலர் வேலைக்கு ஆளெடுக்கும் விளம்பரத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் யாரும் கண்டுகொள்ளாத ஒரு வேலை இருக்கிறது. 16 வயது முடிந்து 18 ஆகாத பையன் கொடுங்குற்றத்தில் சிக்கினால், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் ஒரு முதல்நிலை மதிப்பீடு செய்ய வேண்டும். அந்தக் குற்றத்தைச் செய்யும் மன, உடல் திறன் அவனுக்கு இருந்ததா, விளைவு புரிந்ததா, எந்தச் சூழலில் நடந்தது என்று பார்ப்பார்கள். அதற்கு மூன்று மாதம்தான் கெடு. குழுமத்தில் குழந்தை உளவியலோ குழந்தை மனநல மருத்துவமோ படித்தவர் இல்லையென்றால் உளவியலாளர் போன்ற நிபுணர் உதவியைப் பெற்றே ஆக வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உளவியலாளர் பையனோடு பலமுறை உட்கார்ந்து பேசுவார். அறிவுத்திறன் சோதனை வைப்பார், பள்ளிக்கூடப் பதிவேட்டைப் பார்ப்பார், அவன் அம்மாவிடம் பேசுவார், போதைப் பழக்கம் உண்டா, யாரோடு திரிந்தான் என்று விசாரிப்பார். அவன்தான் செய்தானா என்பது அவர் கேள்வியே இல்லை. ஆனால் அவர் எழுதும் அறிக்கையை வக்கீல்கள் வரிவரியாகக் கிழிப்பார்கள். பையனைப் பெரியவர்களின் வழக்கு போல விசாரிப்பதா என்று முடிவெடுக்கும்போது குழுமத்தின் கையில் அந்தத் தாள்களும் இருக்கும். எல்லாரையும் ஏன், எதற்கு என்று குடைந்துகொண்டே இருக்கிறாள் என்று மகளைப் பற்றிக் குறை எழுதியிருக்கிறீர்களே, இந்த வேலைக்குக் கேட்பது அதைத்தான்.

இந்த உலகம் வேலூருக்கு அந்நியமும் இல்லை. தொரப்பாடியில் மத்திய சிறை இருக்கிறது, பெண்கள் சிறை இருக்கிறது. தென் மாநிலச் சிறை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் அகாடமி 1979 முதல் இங்கேதான் நடக்கிறது. பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் இருக்கிறது. சிஎம்சி என்றால் எம்பிபிஎஸ் மட்டும்தான் சித்தப்பா கண்ணுக்குத் தெரிகிறது போல.

சரி, வழி என்ன? முதலில் மூன்று வருடம் பி.எஸ்சி. சைக்காலஜி. பி.எஸ்சி. ஃபாரன்சிக் சயின்ஸ் வேண்டாம்! அது ரத்தம், விஷம், கைரேகை என்று லேபுக்குள் நடக்கும் படிப்பு. பேரைப் பார்த்துச் சேர்ந்துவிட்டுப் பிறகு உளவியலுக்கு மாற முடியாமல் தவிக்கிறார்கள். அப்புறம் உளவியலில் முதுகலை. சட்டம், சிறைப் பக்கம் நாட்டம் அதிகமானால் சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு வேண்டும். அதற்கான படிப்புகளின் அமைப்பு மாறிவருவதால், சேரும் வருடத்தில் மன்றத்தின் பட்டியலைப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். மூன்று மாத ஆன்லைன் ப்ரொஃபைலிங் சான்றிதழ் என்று யாராவது கூப்பிட்டால் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள்.

ஆரம்பச் சம்பளம் குறைவு, பல இடங்களில் ஒப்பந்த வேலைதான். இதை அப்பாவிடம் மறைக்க வேண்டாம். அதனால்தான் இளங்கலைக்குச் செலவைச் சுருக்கச் சொல்கிறேன். சென்னை மாநிலக் கல்லூரியில் சைக்காலஜி இருக்கிறது, அரசுக் கல்லூரிக் கட்டணம்தான். அரசுக் கல்லூரி விண்ணப்பம் திறந்ததும் அதை முதல் விருப்பமாகப் போடுங்கள். ஹாஸ்டல் செலவு கைமீறி நகையை அடகு வைக்கிற நிலை வந்தால், வைப்பதற்கு முன்னால் எனக்கு எழுதுங்கள். வேறு கல்லூரி பார்க்கலாம்.