வீகன் சொந்தக்காரங்க வர்றாங்க, பச்சைக் காய்ல டிரெஸ்ஸிங் போட்டு சிம்பிளா என்ன சைடு டிஷ் பண்ணலாம்? வீட்ல ஆலிவ் ஆயில் இல்ல

ஆலிவ் ஆயிலே வேண்டாங்க, நல்லெண்ணெய் இருக்குல்ல, போதும். வீகன்னா பால், தேன்னு உயிருங்ககிட்ட இருந்து வர்றது எதையுமே சாப்பிடாதவங்க. அதக் கேட்டதும் வீட்ல பெரியவங்க "நெய்யும் கூடாது தயிரும் கூடாதுன்னா என்னத்தப் போடறது"ன்னு ஆரம்பிச்சிருப்பாங்க, அதான் இங்க வந்து கேக்கறீங்கன்னு நெனைக்கறேன்.

நாங்க கோயமுத்தூருங்க. போன தீபாவளிக்கு நாத்தனார் பையன் பெங்களூர்ல இருந்து வந்தான், வீகன் ஆயிட்டானாம், வர்றப்பவே சாலட் டிரெஸ்ஸிங்னு ஒரு பாட்டில் வேற வாங்கிட்டு வந்து "பச்சைப் புள்ளி இருக்கு அத்தை, பிரச்சனை இல்ல"ங்கறான். கண்ணாடியப் போட்டுட்டு பின்னாடி பொடி எழுத்தப் படிச்சா தேன்னு போட்டிருக்கு. அந்தப் புள்ளி சைவத்துக்குத்தானுங்க, பாலும் தேனும் அதுக்குள்ளயே அடக்கம். வீகனுக்குன்னு தனி விதியே 2022ல தான் வந்துச்சு, அதுக்கு பச்சையா வி எழுத்து போட்ட வேற முத்திரை. பையன் மூஞ்சி தொங்கிப் போச்சு, சரி விடு கண்ணுன்னு நானே பண்ணேன்.

கால் கிலோ ஊட்டி பீன்ஸ், முத்தல் இல்லாம. நார் எடுத்து விரல் நீளத்துக்கு நறுக்கி, தளதளன்னு கொதிக்கற உப்புத் தண்ணில மூணு நாலு நிமிஷம், மூடாம. கடிச்சா நறுக்குனு இருக்கறப்பவே வடிச்சு ஐஸ் தண்ணில போட்டுருங்க. ஆப்ப சோடா போட்டா பச்சையா இருக்கும்னு சொல்வாங்க, இருக்கும்தான், ஆனா கொழகொழன்னு ஆயிரும். அப்புறம் துணில ஈரத்த நல்லா ஒத்தி எடுங்க, இதத்தான் நெறைய பேர் விட்டுடறாங்க, ஈரம் இருந்தா டிரெஸ்ஸிங் காய்ல ஒட்டாம தட்டுல குளம் கட்டிக்கும்.

செக்கு நல்லெண்ணெய் ரெண்டு ஸ்பூன், அரை எலுமிச்சம்பழம், கால் ஸ்பூன் பொடிச்ச கடுகு, உப்பு, நாட்டுச்சர்க்கரை ஒரு சிட்டிகை, எல்லாத்தையும் சின்ன பாட்டில்ல போட்டு குலுக்குங்க. எண்ணெயும் சாறும் சீக்கிரம் பிரியாம புடிச்சு வெக்கறது கடுகுதான். எலைல பரிமாறப் போறப்பத்தான் ஊத்தணும், புளிப்பு பட்டு ரொம்ப நேரமாச்சுன்னா பச்சையத்துல இருக்கற மக்னீசியம் கழண்டு காய் பழுப்படிச்சுரும். மேல வறுத்த எள்ளு, ஒடச்ச வேர்க்கடலை.

மூணு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு வினிகர்தான் முறை, இதெல்லாம் டிரெஸ்ஸிங்கான்னு கமெண்ட்ல யாராச்சும் வருவீங்க, வாங்க. நல்லெண்ணெய அவ்ளோ ஊத்துனா அந்த வாசத்துல பீன்ஸ் இருக்கற எடமே தெரியாது. புரோட்டீன் எங்கன்னு கேக்கறவங்களுக்கு, இது சைடு டிஷ்ங்க, பக்கத்துல சோறு பருப்பெல்லாம் இருந்துச்சு. "ஆட்டுக்குப் போடறதா"ன்னு கேட்ட எங்க மாமியார் ரெண்டாவது தடவ கிண்ணத்த அவங்களே இழுத்துக்கிட்டாங்க, அது போதும் எனக்கு.

ஆனா ஒண்ணு சொல்லணும். மாமனாருக்கு உப்பு கம்மி, வீட்டுக்காரருக்கு சர்க்கரை, இப்ப இவனுக்கு வீகன், ஆளுக்கொரு சமையல் நான் பண்ணிருவேன், அதுல வருத்தமில்ல. டிவி முன்னாடி சும்மாதான ஒக்காந்திருக்காங்க, ஒருத்தர் வந்து நார் உரிச்சுக் குடுத்தா என்ன? சாப்ட்ட தட்ட சிங்க்ல போட்டு ஒரு சொம்பு தண்ணி ஊத்தி வெக்கக்கூட வீட்ல ஆளில்ல, காஞ்சு ஒட்டிக்கிட்ட எள்ள நான்தான் நகத்தால சுரண்டணும். உங்க வீட்டுக்கு வர்றவங்ககிட்ட பீன்ஸயும் முறத்தையும் மொதல்லயே கைல குடுத்துருங்க.